ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சோர்வது காலா, மூளையா?

டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் லடாக்கின் லே விமான நிலையத்தில் இறங்குகிறவர், சுமார் 200 மீட்டர் உயரத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறார். விடுதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறும்போதே தொடை கனக்கிறது, மூச்சு இரைக்கிறது. அறைக்குள் உட்கார்ந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 87 காட்டுகிறது. கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போ என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்த எண் வயிற்றைக் கலக்கும். சற்று நேரத்தில் உதட்டோரமும் விரல் நுனியும் குறுகுறுத்தால், நரம்புக்கு ஆக்சிஜன் போகவில்லை என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

எண் குறைவது, கால் சோர்வது, விரல் குறுகுறுப்பது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. ஆனால் நடக்கும் வழி மூன்றிலும் வேறு. எதற்கு ஓய்வு போதும், எதற்குக் காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும் என்று தெரிய அந்த வழிகளைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

குறைவது சதவீதம் அல்ல, அழுத்தம்

சென்னைக் கடற்கரையானாலும் எவரெஸ்ட் உச்சியானாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 20.9 சதவீதம்தான். உயரம் போகப்போகக் குறைவது மொத்தக் காற்றழுத்தம். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய பங்கு. இதைப் பகுதி அழுத்தம் என்கிறோம். உள்ளே இழுக்கும் காற்று மூச்சுக்குழாயிலேயே ஈரமாகிவிடுவதால், நீராவிக்கு உரிய 47 மி.மீ. பாதரச அழுத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

1. கடல் மட்டம்: காற்றழுத்தம் 760 மி.மீ. உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 149.
2. தொட்டபெட்டா, 2,637 மீட்டர்: காற்றழுத்தம் சுமார் 560. ஆக்சிஜன் சுமார் 107.
3. லே நகரம், 3,500 மீட்டர்: காற்றழுத்தம் சுமார் 505. ஆக்சிஜன் சுமார் 96.
4. லே அருகே உள்ள கர்துங் லா கணவாய், 5,359 மீட்டர்: காற்றழுத்தம் சுமார் 400. ஆக்சிஜன் சுமார் 74, அதாவது கடல் மட்டத்தில் பாதி.
5. எவரெஸ்ட் உச்சி: 1981-ல் அங்கேயே அளந்த காற்றழுத்தம் 253. ஆக்சிஜன் 43.

87 என்ற எண் சொல்வது என்ன

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்பதையே ஆக்சிமீட்டர் காட்டுகிறது. ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததும் அது சுமையை அதே அளவில் இறக்கிவிடுவதில்லை. தமனி ரத்தத்தில் அழுத்தம் 100-லிருந்து 60 மி.மீ. வரை இறங்கினாலும் ஹீமோகுளோபினில் 90 சதவீதம் நிறைந்தேதான் இருக்கும். தொட்டபெட்டாவில் சுற்றிப் பார்க்கிற பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாமல் போவது இதனால்தான். 60-க்குக் கீழே கதை மாறுகிறது; அழுத்தத்தோடு நிறைவு எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைவு அங்கிருந்து செங்குத்தான சரிவு. லேயில் புதிதாக இறங்கியவர் நிற்பது அந்தச் சரிவின் விளிம்பில். தூக்கத்தில் மூச்சு கொஞ்சம் மெதுவானாலோ நாலு படி ஏறினாலோ எண் ஐந்து, பத்து என்று சரியும்.

கொரோனாவில் 94 பயமுறுத்தியது வேறு காரணத்தால். காற்றில் போதிய அழுத்தம் இருந்தும் எண் குறைந்தது என்றால் நுரையீரல் பழுதாகியிருக்கிறது என்று பொருள். லேயில் நுரையீரல் நன்றாக இருக்கிறது, காற்றுதான் மெலிந்திருக்கிறது. ஆகவே அங்கே பழைய அளவுகோல் செல்லாது. உடன் வந்தவர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எல்லோருக்கும் 86, 88 என்று இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் 72 காட்டி, உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கினால் அது நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம்.

அளக்கும் முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்கினால் கருவி தவறாகக் காட்டும். நகப்பூச்சும் குழப்பும். ஒரு நிமிடம் காத்திருந்து, எண் நிலைத்த பிறகு படிக்கவும்.

தசைக்குள் என்ன குறைகிறது

தசை சுருங்குவதற்கான சக்தியை ஏடிபி என்ற மூலக்கூறு தருகிறது. தசையில் கையிருப்பாக உள்ள ஏடிபி முழு வேகத்தில் இரண்டு மூன்று விநாடிகளுக்குக்கூடத் தாங்காது. செலவாகச் செலவாக அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்ப மூன்று வழிகள்:

1. கிரியேட்டின் பாஸ்பேட். உடனே கிடைக்கும், ஆக்சிஜன் தேவையில்லை. சுமார் பத்து விநாடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.
2. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பது. வேகமானது. ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டே ஏடிபி.
3. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு எரிப்பது. மெதுவானது. அதே ஒரு குளுக்கோஸுக்கு 30-க்கு மேல்.

உயரத்தில் அடிவாங்குவது மூன்றாவது வழி. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். கடல் மட்டத்தில் ஒருவருடைய உச்ச அளவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லேயில் அது 28 ஆகும், கர்துங் லாவில் 21, 22 ஆகும். ஏற்றத்தில் நடக்க 20 தேவைப்பட்டால், ஊரில் தன் சக்தியில் 57 சதவீதத்தைச் செலவழித்து ஏறியவர், லேயில் 71 சதவீதத்தையும் கணவாயில் 93 சதவீதத்தையும் செலவழிக்கிறார். பாதை அதே பாதை, கால் அதே கால். ஆனால் ஊரில் ஓட்டப்பந்தயத்தில் வரும் இரைப்பு இங்கே நடையிலேயே வந்துவிடுகிறது.

உச்சத்தை நெருங்கி வேலை செய்யும் தசைக்குள் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து பாஸ்பேட் தேங்குகிறது. அது தசைப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் பிடியைத் தளர்த்துகிறது. சுருங்கச் சொல்லிக் கட்டளையிடும் கால்சியம் வெளிவரும் அளவு குறைகிறது. தசை இழைகளிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிந்து சுற்றிலும் சேர்கிறது. ஓய்வில் லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில் இருப்பது, கடும் உழைப்பில் இழைகளுக்கு இடையே 10-ஐத் தொடலாம். அப்போது இழையின் மேற்பரப்பில் மின்துடிப்பு மங்குகிறது. நரம்பு கூப்பிடுகிறது, தசைக்குச் சரியாகக் கேட்பதில்லை.

பழி சுமக்கும் லாக்டிக் அமிலம்

கால் எரிச்சலுக்கும் சோர்வுக்கும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்கிறார்கள். இதை உயரமே பொய்யாக்கிவிட்டது. ஆக்சிஜன் குறைந்தால் சர்க்கரையை ஆக்சிஜனின்றி உடைக்கும் இரண்டாவது வழி ஓங்கும், லாக்டேட் (ரத்தத்தில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) ஏராளமாகச் சேரும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் 1935-ல் சிலி நாட்டின் ஆண்டிஸ் மலைக்குப் போன ஆய்வுக் குழு கண்டது நேர்மாறு. உயரத்துக்குப் பழகியவர்கள் இனி முடியாது என்று நிற்கும் கட்டத்தில், அவர்கள் ரத்தத்தில் கடல் மட்டத்தைவிடக் குறைவான லாக்டேட்தான் இருந்தது.

அப்படியானால் தசை தன் எல்லையைத் தொடும் முன்பே வேறு ஏதோ ஒன்று உழைப்பை நிறுத்துகிறது.

தசையையும் மூளையையும் பிரித்து அளப்பது எப்படி

சோர்வு இரண்டு வகை. தசைக்குள்ளேயே நேர்வது புறச்சோர்வு. மூளையும் தண்டுவடமும் தசைக்கு அனுப்பும் கட்டளை குறைவது மையச்சோர்வு. இரண்டையும் உணர்வால் பிரிக்க முடியாது. இரண்டும் ‘கால் வரவில்லை’ என்றே தெரியும். ஆய்வகத்தில் பிரிக்கலாம்.

1. தொடை நரம்பின் மேல் காந்தத் துடிப்பு கொடுத்து, தசை தானாக எவ்வளவு விசை தருகிறது என்று உழைப்புக்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள். குறைந்தால் அது புறச்சோர்வு.
2. ஒருவரை முழு பலத்தோடு காலை நீட்டி உதைக்கச் சொல்லி, அதே நேரம் நரம்புக்கோ மூளையின் இயக்கப் பகுதிக்கோ ஒரு துடிப்பு கொடுக்கிறார்கள். விசை திடீரென்று கூடினால், தசையிடம் மிச்சம் இருந்தும் மூளை கேட்டு வாங்கவில்லை என்று அர்த்தம். அது மையச்சோர்வு.

இந்த முறையில் உடலியல் ஆய்வாளர் மார்க்கஸ் அமான் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சைக்கிள் மிதிப்பவர்களை வெவ்வேறு அளவு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, முடியாது என்று நிற்கும்வரை மிதிக்கச் சொன்னார்கள். சாதாரணக் காற்றிலும் மிதமான குறைவிலும், நிற்கும் நேரத்தில் தொடைத்தசை நிஜமாகவே களைத்திருந்தது. 10 சதவீத ஆக்சிஜனில் நின்றபோதோ தசை அந்த அளவுக்குக் களைக்கவில்லை. 10 சதவீதம் என்பது கர்துங் லாவைவிடச் சற்று உயரமான இடத்துக்குச் சமம். நின்ற கணத்தில் ஆக்சிஜன் செறிந்த காற்றுக்கு மாற்றியதும், கடும் குறைவில் நின்றவர்கள் மீண்டும் மிதித்து நெடுநேரம் தொடர்ந்தார்கள். சாதாரணக் காற்றில் களைத்தவர்களுக்கு அந்தக் காற்று பெரிதாக உதவவில்லை. தசையில் தேங்கிய பாஸ்பேட் நாலு மூச்சில் கரைந்துபோகாது. நாலு மூச்சில் மாறக்கூடியது மூளைக்குப் போகும் ரத்தத்தின் ஆக்சிஜன்.

கடும் குறைவில் கையை விரிப்பது மூளைதான் என்ற முடிவுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 2012-ல் பொலிவியாவின் சக்கால்தாயா மலையில், 5,260 மீட்டரில், கடல் மட்டத்தில் வாழ்பவர்களை இரண்டு வாரத்துக்கு மேல் தங்கவைத்து அளந்தார்கள். பழகிய பிறகு மையச்சோர்வு குறைந்தது. தசைச் சோர்வில் அப்படியொரு முன்னேற்றம் தெரியவில்லை. மலைக்குப் பழகுவது என்பதில் பெரிய பங்கு மூளைக்கு ஆக்சிஜன் வரத்து சீராவது.

இதைப் படித்துவிட்டு ‘எல்லாம் மனசுதான், விடாமல் ஏறு’ என்று யாரும் கிளம்பக் கூடாது. கட்டளையைக் குறைப்பது ஆக்சிஜன் பற்றாத நரம்பணுக்கள். மன உறுதியால் அங்கே ஆக்சிஜனைக் கூட்ட முடியாது.

மெக்சிகோ சிட்டி, 1968

2,240 மீட்டர் உயரத்தில் நடந்த அந்த ஒலிம்பிக்கில் ஒரே மைதானம் இரண்டு விதமாக நடந்துகொண்டது. 100 மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடி, 400 மீட்டரில் லீ எவன்ஸ் 43.86 விநாடி, நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் என்று உலக சாதனைகள் குவிந்தன. குறுகிய ஓட்டம் பெருமளவு கையிருப்புச் சக்தியில் நடக்கிறது. காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததால் தடையும் குறைவு. 10,000 மீட்டரில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அப்போதைய உலக சாதனையாளர்; அவருடைய நேரம் 27 நிமிடம் 39.4 விநாடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமு எடுத்துக்கொண்டதே 29 நிமிடம் 27.4 விநாடி. கிளார்க் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்தார். மைதானத்திலேயே அவருக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது.

நரம்பு எப்போது மரத்துப்போகிறது

நரம்பிழையின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு அது ஏறினால் துடிப்பு பிறக்கும். எவ்வளவு சின்னத் தூண்டலுக்குத் துடிப்பு பிறக்கிறதோ அவ்வளவு கிளர்வுத்திறன் உடையது அந்த நரம்பு. ஏடிபியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புதான் இந்த மின்னழுத்தத்தைக் காத்து நிற்கிறது.

சப்பணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது கால் மரத்துப்போவதை எல்லோரும் அறிவோம். நரம்பு நசுங்குவதும் அதற்கு ரத்தம் தடைபடுவதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. 1931-ல் லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் குழு, மேற்கையில் பட்டை கட்டிக் காற்றடித்து ரத்தத்தை அறவே நிறுத்தி, இதை விநாடி விநாடியாகக் கவனித்தது. அடுத்து வந்த ஆய்வுகளையும் சேர்த்தால் வரிசை இப்படி:

1. முதல் சில நிமிடங்களில் பம்பு தளர்கிறது, மின்னழுத்தம் துடிப்பு எல்லையை நெருங்குகிறது. நரம்பு மந்தமாகவில்லை, எளிதில் கிளர்கிறது.
2. தொடர்ந்தால், துடிப்பை எழுப்ப நரம்புக்குள் சோடியத்தை விடும் வாயில்கள் அடைத்துப்போகின்றன. கால் மணி நேரத்தைத் தாண்டும்போது விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி உணர்வு போகிறது. தொடுவுணர்வு முதலில் போகும். வலி கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.
3. பட்டையை அவிழ்த்துச் சில நொடிகளில் பம்பு அசுர வேகத்தில் இயங்குகிறது. மின்னழுத்தம் தடுமாறி, கட்டளையில்லாமலே துடிப்புகள் கிளம்புகின்றன. எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது என்று நாம் சொல்வது இதை.

சர்க்கரை நோயாளிகளின் நரம்பு இந்தச் சோதனையில் மற்றவர்களைவிட அதிக நேரம் கடத்திக்கொண்டிருக்கும். அது பலமல்ல, நோயின் ஓர் அடையாளம். கால் சீக்கிரம் மரக்கவில்லையே என்று அவர்கள் நிம்மதி கொள்ளக் கூடாது.

கவனிக்க வேண்டியது: ரத்தம் முழுவதும் நின்றே கால் மணி நேரம் தாங்கும் நரம்பு இது. லேயில் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, 87 சதவீதம் நிறைந்தும் இருக்கிறது. கை நரம்புக்கு அது தாராளம்.

பின் ஏன் விரல் குறுகுறுக்கிறது

குறைந்தது கரியமில வாயு. கழுத்தின் இருபுறமும் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆக்சிஜனை உணரும் சிறு உறுப்புகள் உள்ளன. அவை எச்சரித்ததும் மூச்சு வேகமாகிறது. ஆக்சிஜன் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் கடல் மட்டத்தில் 40 மி.மீ. அளவில் இருக்கும் கரியமில வாயு 30-ஐ நோக்கி இறங்குகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. அப்போது ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியத்தில் ஒரு பகுதி ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கால்சியம் நரம்பின் சோடியம் வாயில்களுக்குக் கடிவாளம் மாதிரி. கடிவாளம் தளர்ந்தால் நரம்பு சும்மாவே துடிக்கும். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, விரல் நுனியில் ஊசி குத்தல், மோசமானால் கட்டைவிரல் உள்ளே மடங்கி மற்ற விரல்கள் நீண்டு விறைத்துக்கொள்வது எல்லாம் இதன் படிகள். பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு விட்டால் இன்னும் கூடும்.

இதற்குக் காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை உயரத்தில் செய்யவே கூடாது. பைக்குள் கரியமில வாயு கூடும்போது ஆக்சிஜன் குறையும். ஏற்கெனவே செங்குத்துச் சரிவில் நிற்பவரைக் கீழே தள்ளுவதாகும். உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளிவிட்டால் போதும். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைச் சமன்செய்யத் தொடங்கும். அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ், செய்வது இதே வேலையைத்தான், முன்கூட்டியே. மலைநோயைத் தடுக்க வழக்கமான அளவு 125 மி.கி., நாளைக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. இந்த மருந்தே விரலில் குறுகுறுப்பு தரும், சோடா சப்பென்று இருக்கும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மூளை அணுக்கள் மட்டும் பொறுக்காது

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கை நரம்பு கால் மணி நேரம் தாங்குவதை மூளை பத்துப் பதினைந்து விநாடிகூடத் தாங்காது. ரத்தம் நின்றால் நினைவு போய்விடும். குறைவு மிதமாக இருக்கும்போது, குறுகிய நேர ஆய்வுகள் சிலவற்றில் மூளையின் இயக்கப் பகுதி வழக்கத்தைவிட எளிதில் கிளர்ந்தது. அப்படிக் கிளர்ந்தும் தசையை முழுமையாக ஓட்ட அதனால் முடியவில்லை. கிளர்வது வேறு, தொடர்ந்து கட்டளையிடுவது வேறு.

லே போகிறவர்களுக்கு

1. முதல் 48 மணி நேரம் ஓய்வு. கணவாய்ப் பயணம் அதற்குப் பிறகு.
2. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவும்.
3. மதுவும் தூக்க மாத்திரையும் இரவு மூச்சை மந்தமாக்கும். தவிர்க்கவும்.
4. கையடக்க ஆக்சிஜன் கேனை நம்பித் திட்டம் போட வேண்டாம். 10 லிட்டர் கேனை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் ஐந்து நிமிடத்தில் காலி. ஆளைக் கீழே கொண்டுவரும் வழியில் சிறிது உதவும், அவ்வளவே.
5. கால் கனப்பது, ஏறும்போது இரைப்பது, விரல் குறுகுறுப்பது ஆகியவை ஓய்வில் தணிந்தால் கவலையில்லை. ஓய்விலும் மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், காத்திருக்க நேரமில்லை, உடனே கீழே இறங்க வேண்டும்.
6. தலைவலியோடு ஒருவர் தடுமாறினால், தரையில் கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் கட்டைவிரலில் ஒட்டவைத்து நேராக நடக்கச் சொல்லவும். களைத்த கால் மெதுவாக நடக்கும், ஆனால் கோட்டில் நடக்கும். கோட்டை விட்டு விலகி விழப்போனால் சிறுமூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அவரைத் தூங்கவிடக் கூடாது, தனியே அனுப்பக் கூடாது. இருட்டாக இருந்தாலும் 300 முதல் 1,000 மீட்டர் வரை, அறிகுறி தணியும்வரை, கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் வழியிலேயே தொடங்கலாம்.